டெக்சஸ் வீட்டு வரி திடீர்னு எகிறினா என்ன பண்ணலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டுள்ளது.)

ஏப்ரல் வந்தாச்சு. ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, ஷுகர் லேண்ட்னு டெக்சஸ்ல வீடு வாங்கின நம்ம ஆட்களோட எந்த வாட்ஸ்அப் குரூப்பை எட்டிப் பார்த்தாலும் இந்த மாசம் ஒரே போட்டோதான். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பின நோட்டீஸ், அதுக்குக் கீழ "என்னங்க இது, ஒரே வருஷத்துல இவ்வளவா?"ன்னு ஒரு கேள்வி. உடனே பத்துப் பேர் பத்து விதமா பதில் சொல்வாங்க. பாதி சரியா இருக்கும், பாதி தப்பா இருக்கும்.

இன்னைக்கு அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். அந்த நோட்டீஸ்ல எதை எதிர்க்க முடியும், எதை எதிர்க்க முடியாது? இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

முதல்ல, யார் என்ன பண்றாங்க?

டெக்சஸ்ல மாநில வருமான வரி கிடையாது. பள்ளி, சாலை, போலீஸ், கவுண்டி மருத்துவமனைன்னு உள்ளூர்ச் செலவுல பெரிய பங்கு சொத்து வரியில இருந்துதான் வரணும். அதனாலதான் இங்க அது இவ்வளவு கனமா இருக்கு.

கணக்கு ரொம்ப எளிமை. வீட்டோட மதிப்பு, அதுல இருந்து விலக்குகளைக் கழிக்கணும், மிச்சத்தை வரி விகிதத்தால பெருக்கணும். அவ்வளவுதான். ஆனா இந்த ஃபார்முலால இருக்கற ஒவ்வொரு வேரியபிளும் வேற வேற ஆள் கையில இருக்கு. மதிப்பைப் போடறது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். விகிதத்தை முடிவு பண்றது சிட்டி கவுன்சில், கவுண்டி, ஸ்கூல் போர்டு மாதிரி அமைப்புகள், அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல. விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது நீங்க.

அதனால அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல போய் "வரி ரொம்ப அதிகம், எனக்கு வேலை போயிடுச்சு"ன்னு சொன்னா, எதிர்ல இருக்கறவர் பாவப்படலாம். ஆனா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அவர் கையில இருக்கறது மதிப்பு மட்டும்தான். அதுவும் அந்த வருஷம் ஜனவரி 1-ம் தேதி அன்னைக்கு இருந்த மதிப்பு.

இன்னொண்ணு. மதிப்பு 20 சதவீதம் ஏறினா வரியும் அப்படியே 20 சதவீதம் ஏறும்னு கிடையாது. ஊர்ல எல்லா வீட்டு மதிப்பும் ஏறினா விகிதம் கொஞ்சம் இறங்கலாம். அதனால நோட்டீஸைப் பார்த்த ராத்திரியே தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

புது வீட்டோட ரெண்டாவது வருஷம்

நம்ம ஆட்களுக்கு அதிர்ச்சி பெரும்பாலும் இங்கதான் வருது, ஏன்னா நிறைய பேர் வாங்கறது பில்டர்கிட்ட இருந்து புது வீடு.

ஒரு உதாரணம். 2025 ஜூன்ல 5 லட்சம் டாலருக்கு ஒரு புது வீடு வாங்கறீங்க. ஆனா 2025 ஜனவரி 1 அன்னைக்கு அங்க வெறும் மனைதான் இருந்தது. அதனால 2025 வரி பில் மனைக்கு மட்டும்தான் வரும், 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர்னு வெச்சுக்கலாம். விகிதம் 2 சதவீதம்னா, விலக்கு எதுவும் கழிக்காம, வருஷ வரி 2,400 டாலர். மாசத்துக்கு 200.

2026 ஜனவரி 1 அன்னைக்கு வீடு முழுசா நிக்குது. மதிப்பு 5 லட்சம், வரி 10,000 டாலர். மாசத்துக்கு சுமார் 833.

இப்ப எஸ்க்ரோவைச் சேர்த்துப் பாருங்க. லெண்டர் முதல் வருஷ பில்லை வெச்சு மாசம் 200 மட்டும் பிடிச்சிட்டு இருந்தார்னா, வருஷக் கடைசியில 7,600 டாலர் குறையும். அந்தக் குறையை அடுத்த 12 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 633. புது வரிக்கான 833-ஐயும் சேர்த்தா 1,466. 200 கட்டிட்டு இருந்த இடத்துல 1,466. வட்டி விகிதம் மாறல, கடன் மாறல, ஆனா மாசத் தவணை 1,266 டாலர் கூடிடுச்சு. டே கேர் ஃபீஸும் கார் லோனும் இருக்கற வீட்ல இது சாதாரண விஷயம் இல்ல.

நல்ல விஷயம் என்னன்னா, இது முன்கூட்டியே தெரியற அதிர்ச்சி. நோட்டீஸ் ஏப்ரல்ல வருது, பில் அக்டோபர் வாக்குல வருது, கட்டறதுக்குக் கடைசி நாள் அடுத்த ஜனவரி 31. லெண்டர் எஸ்க்ரோ கணக்கைத் திருத்தறது பெரும்பாலும் அதுக்கும் அப்புறம். அதனால இப்பவே லெண்டரைக் கூப்பிட்டு எஸ்க்ரோவை ஏத்தச் சொல்லுங்க, இல்லன்னா வித்தியாசத் தொகையை மாசாமாசம் தனியா எடுத்து வைங்க. வீடு வாங்கப் போறவங்களா இருந்தா, பில்டர் காட்டற மாசத் தவணையில வரி மனைக்கா, முழு வீட்டுக்கான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க.

ஹோம்ஸ்டெட்: புரொடெஸ்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க

நீங்க குடியிருக்கற சொந்த வீடா இருந்தா ஹோம்ஸ்டெட் விலக்கு கிடைக்கும். பள்ளி வரிக்கான மதிப்புல இருந்து 2023-ல 1 லட்சம் டாலர் கழிச்சாங்க. 2025 நவம்பர்ல நடந்த வாக்கெடுப்புக்கு அப்புறம், 2025 வரி வருஷத்துல இருந்து அது 1 லட்சத்து 40 ஆயிரம். பில்லுல பெரும்பாலும் பள்ளி வரிதான் பெரிய வரி, அதனால இது சின்ன சமாச்சாரம் கிடையாது.

"நான் ஹெச்-1பி-ல இருக்கேன், எனக்குக் கிடைக்குமா?" இந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் வருது. கிடைக்கும். குடியுரிமை ஒரு நிபந்தனையே இல்ல. வீடு உங்க பேர்ல இருக்கணும், அதுதான் உங்க முக்கிய வசிப்பிடமா இருக்கணும், டெக்சஸ் டிரைவர் லைசென்ஸ்ல அதே முகவரி இருக்கணும். பழைய அபார்ட்மென்ட் முகவரியை மாத்தாம விடறதுதான் நிறைய பேர் விண்ணப்பம் திரும்பி வர்றதுக்குக் காரணம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "பணம் அனுப்புங்க, நாங்க ஃபைல் பண்றோம்"னு அரசாங்கக் கடிதம் மாதிரி தபால் வந்தா கிழிச்சுப் போடுங்க. போன வருஷம் விட்டுட்டீங்கன்னாலும் கவலை வேண்டாம். வரி கட்டற கெடு தாண்டி 2 வருஷம் வரைக்கும் தாமதமா விண்ணப்பிக்க வழி இருக்கு.

ஹோம்ஸ்டெட்டோட இன்னொரு பலன் 10 சதவீத கேப். வரி போடற மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏற முடியாது. ஆனா ரெண்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒண்ணு, இது உடனே தொடங்காது. 2025 நடுவுல வாங்கிக் குடிபோனவங்களுக்கு 2027-ல இருந்துதான். ரெண்டு, புதுசா கட்டின பகுதிக்கு கேப் கிடையாது. அதனால மேல சொன்ன ரெண்டாவது வருஷத் தாவலை இது தடுக்காது.

வாடகைக்கு விட்ட வீடா இருந்தா ஹோம்ஸ்டெட் கிடையாது. 50 லட்சம் டாலருக்குள்ள இருக்கற சொத்துக்கு 20 சதவீத வரம்பு ஒண்ணு 2024-ல வந்தது. இப்போதைக்கு அது 2026 வரைக்கும்தான்.

உங்க நோட்டீஸ்ல எந்த எண்ணைப் பார்க்கணும்?

நோட்டீஸ்ல ரெண்டு எண் இருக்கும். ஒண்ணு சந்தை மதிப்பு, இன்னொண்ணு கேப் போட்டதுக்கு அப்புறம் வர்ற மதிப்பு. போன வருஷம் 4 லட்சம்னா, கேப் படி இந்த வருஷம் 4 லட்சத்து 40 ஆயிரம். சந்தை மதிப்புன்னு 5 லட்சத்து 20 ஆயிரம் போட்டிருக்காங்க. நீங்க போராடி அதை 4 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கொண்டு வந்தாலும் இந்த வருஷ பில் ஒரு டாலர் கூடக் குறையாது. 4 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கீழ போனாதான் குறையும். புரொடெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்க.

புரொடெஸ்ட் பண்றது எப்படி?

கெடு மே 15, இல்லன்னா நோட்டீஸ் வந்து 30 நாள். ரெண்டுல எது பின்னாடி வருதோ அது. பெரிய கவுண்டிகள்ல ஆன்லைன்லயே பண்ணலாம். கட்டணம் கிடையாது. படிவத்துல உங்க விசா பத்தி ஒரு கேள்வியும் இல்ல, இது சொத்துக்காரரோட உரிமை. "போய் கேட்டா கூட்டிடுவாங்களோ?"ன்னு பயம் இருக்கா? 2019-ல வந்த சட்டப்படி, டிஸ்ட்ரிக்ட் போட்ட மதிப்பை விட அதிகமா ரிவ்யூ போர்டு தானா ஏத்த முடியாது.

காரணம் கேக்கற இடத்துல ரெண்டையும் டிக் பண்ணுங்க. "சந்தை மதிப்பை விட அதிகம்" ஒண்ணு, "மத்த வீடுகளோட ஒப்பிட்டா சமமா இல்ல" இன்னொண்ணு. டிக் பண்ணாத காரணத்தை அப்புறம் பேச விடாம போகலாம்.

சந்தை மதிப்புக்கு ஆதாரம் விலை. டெக்சஸ்ல விற்பனை விலையைப் பொதுவில் வெளியிடணும்னு சட்டம் இல்ல. நீங்க வாங்கின விலை அவங்க போட்ட மதிப்பை விடக் குறைவுன்னா, குளோசிங் பேப்பரே உங்களோட பலமான ஆதாரம். அதிகம்னா காட்ட வேண்டிய கட்டாயம் இல்ல. ஃபவுண்டேஷன் விரிசல், ஆலங்கட்டி மழையில அடிவாங்கின கூரைன்னு ஏதாவது இருந்தா போட்டோவும் கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டும் வேணும். அந்தச் சேதம் ஜனவரி 1-க்கு முன்னாடியே இருந்திருக்கணும்.

"சமமா இல்ல"ங்கற காரணம் நம்ம மாதிரி எக்செல் ஆட்களுக்காகவே இருக்கு. டிஸ்ட்ரிக்ட் இணையதளத்துல எல்லா வீட்டு மதிப்பும் இருக்கு. உங்க தெருவுல, உங்க பில்டர் கட்டின, கிட்டத்தட்ட அதே அளவு, அதே வயசு வீடு ஏழெட்டு எடுங்க. கட்டட மதிப்பைச் சதுர அடியால வகுங்க. நீச்சல் குளம் இருக்கற வீட்டைத் தள்ளி வைங்க, இல்ல அதுக்குச் சரிசெய்யுங்க. சராசரி வேண்டாம், மீடியனை எடுங்க, சட்டமும் அதைத்தான் பேசுது. சின்ன வீட்டுக்குச் சதுர அடி மதிப்பு எப்பவுமே கொஞ்சம் கூடத் தெரியும், அதனால 1,800 சதுர அடி வீட்டை 3,200-ஓட ஒப்பிடாதீங்க. அப்படியே உங்க வீட்டுப் பதிவையும் சரிபாருங்க. சதுர அடி, பாத்ரூம் எண்ணிக்கை, கட்டின வருஷம் எது தப்பா இருந்தாலும் அதுவே தனிக் காரணம்.

ஃபைல் பண்ணும்போதே அவங்களோட ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்க. விசாரணைக்குக் குறைஞ்சது 14 நாள் முன்னாடி அவங்க தரணும். கேட்டும் தராததை விசாரணையில பயன்படுத்த முடியாது.

விசாரணை அன்னைக்கு

முதல்ல ஒரு அப்ரைசரோட பேச்சுவார்த்தை நடக்கும். நிறைய கேஸ் இங்கயே முடிஞ்சிடும். அவர் சொல்ற எண் சரின்னு தோணினா ஒத்துக்கலாம், ஆனா கையெழுத்து போட்டா அந்த வருஷத்துக்கு அதோட முடிஞ்சது. ஒத்து வரலன்னா அப்ரைசல் ரிவ்யூ போர்டு. அதுல இருக்கறவங்க உள்ளூர்க்காரங்கதான், டிஸ்ட்ரிக்ட் ஊழியர்கள் கிடையாது. மதிப்பு சரின்னு நிரூபிக்கற பொறுப்பு பொதுவா டிஸ்ட்ரிக்டோடது. உங்களுக்குக் கிடைக்கறது சில நிமிஷம்தான். நீங்க கேக்கற எண் என்ன, ஏன்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க. "ஜனவரி 1 மதிப்பு 4,35,000. காரணம் இந்த ஏழு வீடு." ஒரே பக்கம் அட்டவணை போதும்.

அதுலயும் திருப்தி இல்லன்னா 60 நாளுக்குள்ள பைண்டிங் ஆர்பிட்ரேஷன் இல்ல கோர்ட். ஆர்பிட்ரேஷனுக்கு முன்பணம் கட்டணும், அதனால எவ்வளவு மிச்சமாகும்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஏஜென்ட் வெச்சா வேலை மிச்சம், ஆனா குறையற வரியில ஒரு பங்கு அவங்களுக்குப் போகும்.

எல்லாம் நடந்துட்டு இருந்தாலும் ஜனவரி 31-ஐ விட்டுடாதீங்க. பிப்ரவரி வந்ததுமே அபராதமும் வட்டியும் சேர்ந்து 7 சதவீதம். எஸ்க்ரோ இருந்தாலும் லெண்டர் கட்டிட்டாரான்னு கவுண்டி இணையதளத்துல ஒரு தடவை பாருங்க.

விகிதம்தான் உங்க கோபம்னா, அதுக்கான இடம் ஆகஸ்ட்ல உங்க சிட்டி கவுன்சிலும் ஸ்கூல் போர்டும் நடத்தற கூட்டம். குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனா அந்தக் கூட்டத்துல மைக் முன்னாடி போய் நின்னு பேச ஓட்டு தேவையில்ல.

இந்த வாரம் ரெண்டே வேலை. லைசென்ஸ்ல முகவரி சரியா இருக்கா பாருங்க, நோட்டீஸ்ல இருக்கற கெடு தேதியை கேலண்டர்ல போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.