கான்ஜி எழுத்துகளும் நினைவுக் கதைகளும்

கான்ஜி என்பது சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துமுறை. ஹிரகானா, கத்தகானா ஆகியவை ஒலியை மட்டும் குறிப்பவை. கான்ஜி பொருளையும் குறிக்கும். ஜப்பானில் 2010-இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 கான்ஜிகள் உள்ளன. இவற்றின் உறுப்புகளை ஒரு சிறு கதையால் இணைத்து மனத்தில் இருத்துவது நினைவுக் கதை முறை எனப்படும். ஜேம்ஸ் ஹைசிக் 1977-இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரவலாக்கியது.

உறுப்பாகப் பிரித்தல்

பல கோடுகள் கொண்ட எழுத்தும் சில உறுப்புகளின் சேர்க்கையே. மனிதனும் மரமும் சேர்ந்தால் ‘ஓய்வு’. மரத்தடியில் ஒருவன் இளைப்பாறுகிறான். மரம் இரண்டானால் தோப்பு, மூன்றானால் காடு. இவற்றுக்குக் கதையே தேவையில்லை.

குழப்பம் தீர்த்தல்

ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளில்தான் கதையின் பயன் தெரியும். ‘கோயில்’ என்னும் உறுப்பு பின்வரும் மூன்றிலும் வலப்பக்கம் வருகிறது. இடப்பக்கம் மட்டும் மாறுகிறது.

* சூரியன் + கோயில் = நேரம். பொழுதை அறிவிக்கக் கோயில் மணி ஒலிக்கிறது.
* கை + கோயில் = பிடித்தல். கோயிலுக்குச் செல்பவர் கையில் காணிக்கை இருக்கிறது.
* நடை + கோயில் = காத்திருத்தல். கோயிலுக்கு நடந்து வந்தவர் கதவு திறக்கும்வரை நிற்கிறார்.

‘பிடித்தல்’ மொத்சு, ‘காத்திருத்தல்’ மத்சு என ஒலிப்பும் நெருங்கியிருப்பதால், தொடக்க மாணவர் இவ்விரண்டையும் எளிதில் மாற்றி எழுதிவிடுவர். ‘கை’ வரும் கதை நினைவிலிருந்தால் அப்பிழை நேராது.

வரம்புகள்

நினைவுக் கதை எழுத்தின் வரலாறு அன்று. ‘கிழக்கு’ என்னும் எழுத்தை மரத்தின் பின்னே எழும் சூரியன் என்று கற்பிப்பதுண்டு. அது இரு முனையும் கட்டிய பையின் வடிவம் என்றும், ஒலி ஒப்புமையால் திசைக்குக் கடன் பெறப்பட்டது என்றும் பிற்கால அறிஞர் விளக்குகின்றனர். நினைவுக்கு முதற்கதை உதவும். அதை வரலாறாகச் சொல்லக் கூடாது.

கதை ஒலிப்பையும் தராது. ‘ஓய்வு’ எழுத்து ஓரிடத்தில் ‘யசு’ என்றும் வேறிடத்தில் ‘கியூ’ என்றும் ஒலிக்கும். இதைச் சொற்களோடு சேர்த்தே பயில வேண்டும். உறுப்பு சில வேளை ஒலிக்குத் துணை செய்யும்: கோயில், நேரம், பிடித்தல் மூன்றுக்கும் சீன வழி ஒலிப்பு ‘ஜி’. ஆனால் காத்திருத்தலுக்கு அது ‘தை’.

பயிலும் முறை

பிறர் கதையை மனப்பாடம் செய்வதைவிடத் தாமே புனைந்த கதை நன்கு நிலைக்கும். பொருளை மட்டும் பார்த்து, கதையை நினைத்து, எழுத்தைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மறுநாளும், பின்னர் இடைவெளியைக் கூட்டியும் இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வாசிப்புப் பழகப் பழகக் கதை மறந்து எழுத்து நிற்கும். அதுவே இம்முறையின் நோக்கம்.