பில்லில் இருந்த எழுத்து எங்கே போச்சு?

ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு நாள் போய்வந்ததை ஸ்கிராப் புக்கில் ஒட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராமானுஜர் பிறந்த ஊர், அதனால் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் எடுத்த போட்டோ நடுவில். பக்கத்தில் பிரசாதத் துளசி. மத்தியானம் சாப்பிட்ட ஓட்டல் பில். இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையைப் பற்றி நாளிதழில் வந்த செய்தி. ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கொடி. மூடி அலமாரியில் வைத்தாயிற்று.

சில வருஷம் கழித்துத் திறந்தால், பில் வெறும் வெள்ளைத்தாள். செய்தித் துண்டு பழுப்பு. துளசி கறுத்து, சுற்றிலும் ஒரு கறை. யாருமே தொடாத பக்கத்தில் இதெல்லாம் எப்படி நடந்தது?

பில்லில் இருந்து ஆரம்பிப்போம், அதுதான் பெரிய கில்லாடி. மை அழிந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அதில் மையே கிடையாது! பில் போடும் அந்தச் சின்ன மெஷினுக்குள் மை புட்டியும் இல்லை, ரிப்பனும் இல்லை. தாள் மீதுதான் விஷயம் இருக்கிறது. நிறமில்லாத ஒரு சாயம், அதன் கூடவே அமிலத் தன்மையுள்ள இன்னொரு பொருள், ரெண்டையும் பூசியிருப்பார்கள். மெஷினில் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகச் சூடாகும் நுண்ணிய புள்ளிகள் உண்டு. சூடு பட்ட இடத்தில் ரெண்டும் உருகிக் கலக்கும், சாயம் கறுப்பாகும். ‘இட்லி 2’ என்று நாம் படிப்பது அந்தச் சூட்டின் தடம்தான். பஸ்ஸில் கண்டக்டர் கருவியிலிருந்து கிழித்துத் தரும் டிக்கெட்டும் பெரும்பாலும் இந்த வகைதான்.

வேண்டாத ஒரு பில்லை எடுத்து நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறுங்கள். கறுப்புக் கோடு விழும். உரசலில் வந்த சூடே அதற்குப் போதும். சூடான காபி டம்ளரை அதன் மேல் வைத்துப் பாருங்கள், அடியில் கறுப்பு வட்டம் வரும். (பிறகு கையைக் கழுவிவிடுங்கள். அந்தப் பூச்சில் உள்ள சில பொருள்கள் உடம்புக்கு நல்லதல்ல.)

எழுத்து ஏன் மறைகிறது? கறுப்பாகச் சேர்ந்த ஜோடி பிரிந்துவிட்டால் சாயம் மறுபடி நிறமில்லாமல் போய்விடும். பிரித்து வைப்பதில் எண்ணெய்க் கைக்குப் பங்கு உண்டு, வெயிலுக்கும் உண்டு. ஆனால் முக்கியக் குற்றவாளி, பத்திரமாக இருக்கட்டுமே என்று நாம் போடும் பிளாஸ்டிக் உறைதான்! வளையும் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து தாளுக்குள் இறங்கிவிடும். சில டேப்புகளின் பசையும் இதே வேலையைச் செய்யும். இதற்கு வழி சுலபம்: பில்லை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஒட்டுங்கள். அதில் இருப்பது கரியும் பிளாஸ்டிக்கும் கலந்த தூள், தாளில் உருகிப் பிடித்திருக்கும். லேசில் போகாது.

செய்தித்தாள் கதை வேறு. மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள், மலிவான தாளில் நீக்கப்படாமல் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். அமிலமும் உண்டாகி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவையும் கெடுக்கும். ஒரு துண்டை ஸ்டீல் ஸ்கேலால் பாதி மறைத்து மொட்டை மாடியில் சில நாள் வெயிலில் வையுங்கள். ஸ்கேலை எடுத்ததும் வித்தியாசம் தெரியும். பழைய தாள் பெரிய நூலகங்களுக்கும் தலைவலிதான். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில், உதிரும் பக்கங்களை மைக்ரோபிலிமில் படி எடுத்தார்கள். நாம் பில்லை ஜெராக்ஸ் எடுப்பதும் அதே யோசனைதான்.

போட்டோவில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள். பாட்டி வீட்டு ஆல்பத்தில் 1970-களின் கலர் போட்டோக்கள் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் சயான் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுத்துவிடும், மிச்சம் நிற்பது சிவப்பு. சரி, கண்ணாடி போட்டு மாட்டலாமா? ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் ஆலையில் ஜன்னல் கண்ணாடி செய்கிறார்கள். உருகிய தகரத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால் ரெண்டு பக்கமும் மழமழவென்று வரும். என்ன வழவழப்பாக இருந்தாலும், சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியில் ஒரு பங்கைத்தான் தடுக்கும், மிச்சம் உள்ளே வந்துவிடும். மூடிய புத்தகமே மேல்.

துளசிக்கு வருவோம். ஈரத்தோடு ஒட்டியதுதான் தப்பு. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை அடிக்கடி மாற்றி, இலை மொறுமொறுவென்று ஆன பிறகே ஒட்ட வேண்டும்.

இலையைப் பாதுகாப்பதில் அந்த ஊர் மண்ணை மிஞ்ச ஆளில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நிலத்தடிப் பாறை அடுக்கு ஒன்றுக்கு ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள் புவியியலாளர்கள். களிமண் இறுகி உண்டான அந்தப் பாறையைப் பிளந்தால், டைலோஃபில்லம் என்ற செடியின் இலை நரம்போடு பதிந்திருப்பதைக் காணலாம். டைனோசர்கள் திரிந்த காலத்து இலை, 10 கோடி ஆண்டுக்கும் மேல் பழசு! சேறு சட்டென்று மூடியதால் காற்றும் அண்டவில்லை, பூச்சியும் அரிக்கவில்லை.

நம் பக்கத்தை அரிக்க ராமபாணப் பூச்சி ஒன்று போதும். மைதா பசையும் மாவுப் பொருளும் அதற்கு விருந்து. அதனால் பசையைக் கொஞ்சமாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

தேதி, ஊர், கூட வந்தவர்கள் பெயர் எல்லாம் பென்சிலால் இருக்கட்டும். ஸ்கெட்ச் பேனா சாயம் வெளுக்கும், தண்ணீர் பட்டால் பரவும். பென்சிலின் கரி இருக்கிற இடத்திலேயே இருக்கும். போட்டோவில் பாதி முகம் மறைந்து நிற்பது சித்தியா அத்தையா என்று பத்து வருஷம் கழித்து வீட்டில் பஞ்சாயத்து கூட்ட வேண்டியிருக்காது.