கடிதத்தைச் சுருக்கிய வில்லை

போர்முனையில் இருக்கும் வீரனுக்குச் சோற்றைப் போலவே வீட்டுக் கடிதமும் தேவை. இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து சென்ற அமெரிக்க வீரர்களுக்கு அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது? கப்பலில் அனுப்பினால் ஒரு மாதம்கூட ஆகலாம். விமானத்திலோ மூட்டைகளுக்கு இடமில்லை. தந்தி விரைந்து செல்லும். ஆனால் அதில் தாயின் கையெழுத்து வராதே!

இச்சிக்கலை ஒளியியல் தீர்த்தது. கடிதத்தை அனுப்பாமல் அதன் நிழற்படத்தை அனுப்பினார்கள். 1941இல் பிரிட்டன் 'ஏர்கிராஃப்' என்ற பெயரில் இம்முறையைத் தொடங்கியது. 1942 ஜூன் 15இல் அமெரிக்கா 'வி-மெயில்' என்ற பெயரில் தொடங்கியது.

செய்முறை எளியது. அதற்கென அச்சிட்ட தாளில் கடிதம் எழுதவேண்டும். அதை 16 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளில் படமெடுத்து, சுருளை விமானத்தில் அனுப்புவார்கள். சேருமிடத்தில் அதைப் பெரிதாக்கி, தாளில் அச்சிட்டு வீரனிடம் கொடுப்பார்கள்.

எவ்வளவு சுருக்கலாம்? குவிவில்லையின் குவியத் தூரத்தைப் போல 21 மடங்கு தொலைவில் கடிதத்தை வைப்பதாகக் கொள்வோம். பிம்பத்தின் நீளம் கடிதத்தின் நீளத்தில் 20இல் ஒரு பங்கு. 28 செ.மீ. நீளக் கடிதம் 14 மி.மீ. ஆகிவிடும். பரப்போ 400இல் ஒரு பங்குதான்! எடை அந்த அளவுக்குக் குறையாது. படச்சுருளின் தடிமனும், அதைச் சுற்றிய உருளையின் எடையும் சேரும் அல்லவா? அப்படியிருந்தும், 37 மூட்டைகளில் சுமார் 1,170 கிலோகிராம் எடையிருந்த ஒன்றரை லட்சம் கடிதங்கள், 20 கிலோகிராம் எடையுள்ள ஒரே மூட்டையில் அடங்கின.

சுருக்கத்துக்கும் எல்லை உண்டு. அரை மி.மீ. தடிப்புள்ள கோடு படத்தில் ஒரு மி.மீட்டரில் 40இல் ஒரு பங்காகிவிடும். அதைவிட மெல்லிய கோடுகள் மங்கிப்போகும். ஆகவே, கருமையாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். உதட்டுச்சாய முத்தம் பதித்த கடிதங்களோ இயந்திரத்தில் கறையை ஏற்படுத்தித் தொல்லை தந்தன!

விமானம் வீழ்ந்தால் கடிதம் என்னவாகும் என்று நீங்கள் கேட்கலாம். சுருள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அசல் கடிதத்தை அழிக்காமல் வைத்திருந்தார்கள். சுருள் தொலைந்தால் மீண்டும் படமெடுத்து அனுப்பினார்கள். ஒரு விமானம் கடலில் மூழ்கினாலும், அதில் சென்ற ஒரு தாயின் சொல் மூழ்கவில்லை.

1945 நவம்பரில் இச்சேவை நிறுத்தப்பட்டது. அதற்குள் நூறு கோடிக்கும் அதிகமான கடிதங்கள் இவ்வழியே சென்றிருந்தன.