வட்டியில்லாக் கடனும் கடனே

பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கை பெற்றவர், அதற்கான சான்றும் அடையாளச் சான்றும் காட்டி வங்கியில் மாணவர் கணக்குத் தொடங்கலாம். இருப்புத் தீர்ந்தபின்பும் குறித்த எல்லைவரை வட்டியின்றிப் பணம் எடுக்கலாம். இதுவே ‘ஓவர்டிராப்ட்’ வசதி. விளம்பரத்தில் காணும் தொகை உச்ச வரம்பே. அவரவர் கடன் வரலாற்றைப் பொறுத்து அது குறையும்.

நம் நாட்டிலிருந்து புதிதாகச் செல்லும் மாணவர்க்குப் பெரும்பாலும் இச்சலுகை கிட்டாது. சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் எனப் பல வங்கிகள் விதித்துள்ளன. எனவே இதனை நம்பிச் செலவைத் திட்டமிடல் ஆகாது.

கிடைத்தவரும் விழிப்பாயிருத்தல் நலம். பட்டம் பெற்றபின் சலுகை படிப்படியாகக் குறையும். அது முடிந்ததும் மீதிக்கு வட்டி ஏறும். 2020 ஏப்ரல் முதல் பல வங்கிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு விதிக்கலாயின.

பெற்றோரே, பிள்ளைகளை வழியனுப்புமுன் அவர்களுடன் அமர்ந்து வரவு செலவை எழுதிப் பாருங்கள்.