வேலையை விட்டுட்டு டி.என்.பி.எஸ்.சி. படிக்கலாமா? ராஜினாமாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

எங்காவது லே-ஆஃப் செய்தி வந்தால் போதும், வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: "பேசாம ஒரு கவர்ன்மென்ட் வேலைக்குப் போயிடேன்." சொல்வது ஈஸி. ஆனால் தனியார் நிறுவனத்தில் நாலைந்து வருடம் ஓட்டியவருக்கு சம்பளம், சீனியாரிட்டி, பென்ஷன் என எல்லாமே அங்கே புதுக்கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

சம்பளம் குறையுமா?

ஆரம்பத்தில் பலருக்கும் குறையும். குரூப் 4-ல் வரும் இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. பதவிகளின் அடிப்படை ஊதியம் ரூ.19,500-ல் தொடங்குகிறது. இதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும். ஆண்டுக்கு 3% ஊதிய உயர்வும் உண்டு. அப்படியும் இப்போது மாதம் 50,000 ரூபாய் கையில் வாங்குபவருக்கு முதல் சில வருடங்கள் இறக்கம்தான். இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

இதுவரையிலான அனுபவம் என்னவாகும்?

அனுபவத்தையே தகுதியாகக் கேட்கும் சில பதவிகளைத் தவிர, மற்றவற்றில் அதற்குத் தனி மதிப்பு கிடையாது. 23 வயதில் தேர்வாகி வந்தவரும் 33 வயதில் வந்தவரும் ஒரே பேட்ச்தான். முதல் இரண்டு வருடம் தகுதிகாண் பருவம், பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, துறைத் தேர்வுகள் என மறுபடியும் ஃப்ரெஷர் வாழ்க்கை.

பென்ஷன் உறுதியா?

தாத்தா வாங்கிய பென்ஷனை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. மத்திய அரசில் அந்த எல்லைக்கோடு 2004 ஜனவரி 1.

மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், கடைசி 12 மாத சராசரி அடிப்படை ஊதியத்தில் 50% பென்ஷனாகக் கிடைக்கும். அதற்கு 25 வருட சர்வீஸ் வேண்டும். ஓய்வு வயது 60 என்பதால், 35-ஐத் தாண்டிச் சேர்பவருக்கு முழு 50% எட்டாது.

பி.எஃப்., கிராஜுவிட்டி?

பி.எஃப். பணம் உங்களுடையது, எங்கும் போகாது. அதனுடன் உள்ள இ.பி.எஸ். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் தேவை. நிரந்தரப் பணியாளர் கிராஜுவிட்டி வாங்க 5 வருடம் முடித்திருக்க வேண்டும். நாலரை வருடம் ஆன நிலையில் 'படிக்கப் போறேன்' என்று பேப்பர் போட்டால் அந்தத் தொகை கைநழுவும். ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

குரூப் 4-க்கு ஒரே தேர்வுதான், இன்டர்வியூ இல்லை. 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். இந்தப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது. தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. பள்ளி தமிழ்ப் புத்தகங்களைத் தினமும் இரண்டு மணி நேரம் புரட்ட முடிந்தால், முதல் முயற்சிக்காக வேலையை விட வேண்டியதில்லை. குரூப் 2-வுக்கு மெயின்ஸ் உண்டு என்பதால் கூடுதல் நேரம் தேவைப்படும். டி.என்.பி.எஸ்.சி. வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து லீவைச் சேர்த்து வைக்கலாம்.

சைடு இன்கம் தொடரலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ன்படி அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்ய முடியாது. ஃப்ரீலான்ஸ் வேலை, பங்குச்சந்தையில் தினமும் வாங்கி விற்பது எல்லாம் சிக்கலில் கொண்டுபோய் விடும். சொத்து வாங்கினாலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்படியானால் லாபம் எது?

பணிப் பாதுகாப்பு. ஒரு மெயிலில் வேலை போகாது. நீக்க வேண்டுமென்றால் விசாரணை, விளக்கம் என முறை இருக்கிறது. பெண்களுக்கு இன்னொன்று: தனியார் துறையில் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம், தமிழக அரசில் 12 மாதம்.

எப்போது பேப்பர் போடலாம்?

ரிசல்ட் வந்த அன்று வேண்டாம். ரேங்க் வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு எனப் படிகள் பாக்கி இருக்கும். பணி நியமன ஆணை கைக்கு வரும்வரை வேலையில் இருப்பதே பாதுகாப்பு. ஆணையில் சொன்ன கெடுவுக்குள் சேர வேண்டும் என்பதால், உங்கள் நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா, பணம் கட்டி முன்கூட்டியே ரிலீவ் ஆக முடியுமா என்பதை ஆஃபர் லெட்டரில் இப்போதே பார்த்து வையுங்கள்.

வேலையை விட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள், எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது, எத்தனை முயற்சிக்குப் பிறகு திரும்பி வருவது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்கு வயது வரம்பு இருப்பதுபோல, காத்திருப்புக்கும் ஒரு வரம்பு வேண்டும்.