தந்தை தெரியாத பசுவுக்குக் கணினி என்ன பதில் சொல்லும்?

சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் இருக்கிறது பலமனேர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டோடு இருந்த ஊர் இது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இங்கே இயங்குகிறது. பக்கத்து ஊரான புங்கனூரின் பெயரைத் தாங்கிய குட்டைப் பசு இனத்தைக் காப்பது அந்த நிலையத்தின் முக்கியமான பணிகளில் ஒன்று. மூன்றடி உயரத்தை ஒட்டி நிற்கும் இந்தப் பசுக்கள் கொழுப்பு மிகுந்த பாலுக்குப் பேர்போனவை. 2024 சங்கராந்தியையொட்டிப் பிரதமர் தன் தில்லி இல்லத்தில் இவற்றுக்குத் தீவனம் ஊட்டும் படங்கள் வெளியானபோது நாடு முழுவதும் இவற்றைப் பற்றிப் பேசியது.

எண்ணிக்கை குறைந்துபோன இனத்துக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. இருப்பவை கொஞ்சம் என்பதால் நெருங்கிய உறவுக்குள்ளேயே சினை சேர்ந்துவிடும். ஒரு காளைக்கும் அதன் மகளுக்கும் கன்று பிறந்தால் அந்தக் கன்றின் உட்கலப்புக் கெழு 25 விழுக்காடு. அதாவது, அதன் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஓரிடத்தில், இரண்டு பிரதிகளும் மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்தவையாக இருக்கும். கருத்தரிப்புக் குறைவதும் கன்றுகள் நலிவதும் இதன் விளைவுகள். இதைத் தவிர்க்க, எந்தப் பசுவுக்கு எது தாய், எது தந்தை என்ற பதிவு பிழையில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கணினியில் வைக்கும்போதுதான் ‘ஆப்ஜெக்ட்’, ‘பண்பு’ என்று புரோகிராமர்கள் சொல்லும் விஷயம் உள்ளே வருகிறது.

இந்தியாவில் மாடுகளின் காதில் மஞ்சள் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய ‘இனாஃப்’ என்ற கணினி அமைப்பில் தொடங்கி, இப்போது ‘பாரத் பசுதன்’ வரை, எல்லாப் பதிவுகளும் அந்த எண்ணைச் சுற்றியே அமைகின்றன. எண்ணைக் கொடுத்தால் மாட்டின் இனம், வயது, போட்ட சினை ஊசி, தடுப்பூசி என்று விவரங்கள் வரும். புரோகிராமர் பார்வையில் அந்த மாடு ஓர் ஆப்ஜெக்ட். அதன் விவரம் ஒவ்வொன்றும் ஒரு பண்பு.

இந்தச் சிந்தனை 1960களில் நார்வேயில் பிறந்தது. ஓஸ்லோவின் நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் இருவரும் உருவாக்கிய ‘சிமுலா’ மொழி, நிஜ உலகின் இயக்கங்களைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க எழுந்தது. ஒரு பொருளைப் பற்றிய தகவலையும் அது செய்யும் வேலையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. இன்றைய ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

பைத்தான் 3இலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பண்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். ஆப்ஜெக்டின் பெயர், ஒரு புள்ளி, அதன்பின் பண்பின் பெயர்:

பசு.இனம் = "புங்கனூர்"
பசு.பால் = 3

எழுதுவது இவ்வளவு சுலபம். எதைப் பண்பாக வைப்பது, எதை யார் மாற்றலாம் என்று முடிவெடுப்பதுதான் கடினம்.

வயதையே எடுத்துக்கொள்ளலாம். ‘பசு.வயது = 4’ என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். பிறந்த நாளை மட்டும் சேமித்து, கேட்கும்போதெல்லாம் வயதைக் கணக்கிட்டுத் தருவதே சரி. பைத்தானில் இதற்கென்றே ‘பிராப்பர்ட்டி’ என்ற வசதி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ‘பசு.வயது’ சாதாரணப் பண்பு போலத் தெரியும். உள்ளே ஒரு கணக்கு ஓடும்.

அதே வசதியைக் காவலாகவும் நிறுத்தலாம். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை போடப்படுகிறது. காளைக்கன்றின் பதிவில் யாராவது அந்த ஊசியைக் குறித்தால், பண்பில் மதிப்பு ஏறுவதற்கு முன்பே பாலினத்தையும் வயதையும் பார்த்துப் புரோகிராம் மறுத்துவிட வேண்டும்.

எழுத்துப் பிழை இன்னொரு தொல்லை. ‘பசு.எடை’ என்பதை ‘பசு.எடய்’ என்று தட்டி ஒரு மதிப்பைக் கொடுத்தால், பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் பொதுவாக எதிர்ப்புக் காட்டுவதில்லை. அந்தப் பெயரில் புதுப் பண்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். உண்மையான எடை பழையபடியே நிற்கும். புதிய பண்புகள் சேராதபடி ஆப்ஜெக்டைப் பூட்டி வைக்கும் வழிகள் இரண்டு மொழிகளிலும் உண்டு.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது, இல்லாத பண்பைக் கேட்கும் இடம். பைத்தான் உடனே பிழை என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டோ ‘அன்டிஃபைன்ட்’ என்ற வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டு மேலே போகும். பால் வற்றிய பசுவின் பால் அளவு 0. பால் அளவே குறிக்கப்படாத பசுவில் அந்தப் பண்புக்கு மதிப்பே கிடையாது. இரண்டும் வெவ்வேறு நிலை. ஆனால் ‘பால் இருக்கிறதா’ என்று மேலோட்டமாகச் சோதிக்கும் புரோகிராம் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் சொல்லும்.

இனி உறவுச் சோதனைக்கு வருவோம். ‘தாய்’, ‘தந்தை’ என்ற பண்புகளில் வெறும் பெயரை வைக்காமல், இன்னொரு மாட்டின் ஆப்ஜெக்டையே வைக்கலாம். அப்போது ‘பசு.தாய்.தந்தை’ என்று புள்ளிகளைத் தொடர்ந்தே தாய்வழித் தாத்தாவைப் பிடித்துவிடலாம். சினை ஊசி போடுமுன், தேர்ந்தெடுத்த காளையும் ‘பசு.தந்தை’யும் ஒன்றா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம்.

ஆனால் அந்தப் பசுவின் தந்தை யாரென்றே பதிவாகவில்லை என்றால்? காளைக்கு ஓர் எண் இருக்கிறது, தந்தை இடம் காலி. இரண்டையும் ஒப்பிட்டால் ‘ஒன்றல்ல’ என்றுதான் கணினி சொல்லும். அதைப் படிப்பவர் ‘உறவில்லை, ஊசி போடலாம்’ என்று எடுத்துக்கொள்வார். கிராமத்தில் மேய்ச்சலில் சினையான பசுக்களுக்குப் பிறக்கும் கன்றுகளின் தந்தை தெரியாமல் போவது சாதாரணம். அப்படிப் பிறந்த பசுக்களும் ஓர் அரிய இனத்தைக் காக்கத் தேவைப்படும். தெரியாததை ‘இல்லை’ என்று மாற்றிச் சொல்லும் புரோகிராம் அந்த இனத்துக்கே கேடு செய்யும். ஆகவே இந்தச் சோதனைக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில் போதாது. ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது பதிலும் வேண்டும். அந்தப் பதில் வந்தால் ஊசி போடும் முடிவு தானாக நடக்காமல், கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

தந்தையைப் பின்னாளில் கண்டுபிடிக்க வழி உண்டு. சந்தேகத்துக்குரிய காளைகளின் மாதிரி கிடைத்தால் மரபணுச் சோதனை பெற்றோரை உறுதிசெய்யும். முடிவு வந்ததும் அந்தப் பசுவின் ‘தந்தை’ பண்பை மட்டும் நிரப்பினால் போதும். உட்கலப்புக் கெழுவை எண்ணாக எழுதி வைக்காமல், வயதைப் போலக் கணக்கிடும் பண்பாக அமைத்திருந்தால், அந்தப் பசுவின் கன்றுகளுக்கும் பேரக்கன்றுகளுக்கும் புதிய மதிப்பு அடுத்த முறை கேட்கும்போதே கிடைத்துவிடும்.