கணினிக்கும் நிறம் தெரிகிறது

கணினி ஆள் பார்த்து நடத்தாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த கறுப்பினப் பெண் ஜாய் புவோலம்வினியின் முகம், முகமறியும் மென்பொருளுக்குத் தெரியவில்லை. வெள்ளை முகமூடி அணிந்ததும் தெரிந்தது.

அவர் அதோடு விடவில்லை. மூன்று ஆப்பிரிக்க நாடுகள், மூன்று ஐரோப்பிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைத் திரட்டினார். மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து, டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார். படத்தில் இருப்பவர் ஆணா, பெண்ணா என்று சொல்வதில், வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது.

மென்பொருள், தனக்குக் காட்டப்படும் படங்களைக் கொண்டே கற்கிறது. அன்று ஆய்வாளர்கள் பயன்படுத்திய முகப்படத் தொகுப்புகள் இரண்டை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு, மற்றதில் 86 விழுக்காடு வெளிர்நிற முகங்கள். இந்த ஆய்வுக்குப் பின் நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தின. மறுசோதனையில் பிழை குறைந்திருந்தது.

கணக்கில் சேர்க்கப்படாமல் விடுபடுவது என்னவென்று சேரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினி படிக்கும் நம் பிள்ளைகள், நிரல் எழுதுவதோடு 'இந்தத் தொகுப்பில் யார் இல்லை?' என்று கேட்கவும் பழக வேண்டும்.